இறக்கி வைத்தல்

நடுவர் ஸ்டம்பின் மேலிருந்த கட்டைகளைத் தட்டிவிட்டார்.

திடலின் அந்த முனை அதற்குள் மறைந்துவிட்டது. மழை புல்லின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தது. கோலாலம்பூரில் மாலை நாலு மணி மழை அப்படித்தான் வரும்.

அவன் முப்பத்தெட்டு ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றிருந்தான். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான்.

எல்லோரும் ஓடினார்கள். சிங்கப்பூர் ஆட்டக்காரர்கள், தார்ப்பாய் இழுக்கும் ஆட்கள், எல்லைக் கயிற்றோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள்.

ஸ்கோர் எழுதும் கூடாரத்தில் ஓர் ஆள் அப்படியே இருந்தான்.

தேவசகாயம்.

சக்கர நாற்காலியின் இரண்டு சக்கரமும் மண்ணில் இறங்கியிருந்தன. ஸ்கோர் புத்தகங்கள் நனைந்துவிடும் என்று, பக்கத்தில் இருந்த சிங்கப்பூர்க்காரரிடம் இரண்டையும் கொடுத்து முதலில் அனுப்பிவைத்தது தேவசகாயம்தான். இப்போது கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீர் அவன் மடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஓடிக்கொண்டிருந்தவன் நின்றான்.

ஆறு வருடமாக அந்த முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அவன் போனதில்லை.

இருவரும் ஒரே ரக்பி கிளப். நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் ஒன்றில் எதிரெதிர் அணியில் போட்டார்கள். அவன் அதற்கு முன்பே நாட்டுக்காக ஏழு முறை ஆடியவன். தேவசகாயம் முதல் வாய்ப்புக்குக் காத்திருந்தான்.

பந்தோடு ஓடிவந்த தேவசகாயத்தை அவன் தொடையோடு சேர்த்துக் கட்டித் தோளுக்கு மேல் தூக்கினான்.

அங்கிருந்தே கீழே விட்டுவிட்டான்.

தலை தப்பியது. முதுகு தப்பவில்லை.

ரெஃப்ரி விசில் ஊதவில்லை. பிறகு நடந்த விசாரணையிலும் ஆட்டத்தில் தவறில்லை என்றே எழுதினார்கள்.

மருத்துவமனை வாசல்வரை இரண்டு தடவை போனான். மூன்றாவது தடவை பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

ரக்பியை அத்தோடு விட்டான். பள்ளியில் ஆடிய கிரிக்கெட்டுக்குத் திரும்பினான். யார் மேலும் கை படாமல் நாள் முழுக்க ஆடலாம். அதிலும் நாட்டு அணிக்கு எடுத்தார்கள். இன்று காலைகூட ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இரண்டு ஆட்டத்திலும் நாட்டுக்காக ஆடியவர் என்று. கைதட்டல் வந்தது. அவன் குனிந்து கால் பேடின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான்.

போன வருடம்தான் தேவசகாயம் ஸ்கோர் எழுத வந்தான். அதிலிருந்து அவன் எடுக்கும் ஒவ்வொரு ரன்னையும் அவன் பெயருக்கு நேரே எழுதுவது அந்தக் கை.

ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"ஆள் வரும். நீ போ," என்றான் தேவசகாயம்.

யாரும் வரவில்லை.

தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால் மின்னல் இறங்கியது. அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். சக்கரங்கள் இன்னும் கொஞ்சம் புதைந்தன.

"நாற்காலியோட இழுக்க முடியாதுடா," என்றான் தேவசகாயம்.

மட்டையைக் கீழே போட்டான். கையுறைகளைக் கழற்றினான்.

ஒரு கை முழங்காலுக்கு அடியில் போனது. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால்.

முதுகைத் தொட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

தேவசகாயத்தின் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் முகத்தைப் பார்க்காமல் அவன் கைகளைப் பார்த்தான் தேவசகாயம்.

"இந்த வாட்டி பாத்து எறக்கு."

பீரோ தூக்க வந்த ஆட்களிடம் சொல்கிற குரல்.

அவன் தூக்கினான்.

அன்று இரண்டு கையும் சுற்றிப் பிடிக்கப் போதாத தொடைகள். இன்று ஒரு கை போதுமாக இருந்தது.

பெவிலியன் நூறு மீட்டர் தூரம். காலில் பேடைக் கட்டிக்கொண்டு நடப்பது தனியாக வரும்போதே சிரமம். பாதி வழியில் வழுக்கியது. தேவசகாயத்தின் கை சட்டென்று அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

முழங்கால் தரையில் மோதியது. பிடியை அவன் தளர்த்தவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே மண்டியிட்டிருந்தான். இருவருக்கும் மூச்சு வாங்கியது. தேவசகாயம் கையில் கிடந்து வந்தவன்தான். அவனுக்கும் வாங்கியது.

எழுந்து நடந்தான்.

பெவிலியன் படியில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். யாரோ கால் பக்கம் பிடிக்கக் கை நீட்டினார். அவன் தலையை ஆட்டி வேண்டாம் என்றான்.

உள்ளே சுவரோரம் ஒரு பெஞ்சு. அதன் முன்னால் குனிந்தான்.

முதலில் இடுப்பு. பிறகு முதுகு, சுவரில் சாய்வாக. பிறகு கால்கள். வலது பாதத்தைத் தரையில் வைத்து, அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, இடது பாதம்.

பெட்டி நிறைய முட்டையை இறக்குபவன்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டான்.

அணி மேலாளர் துண்டோடு வந்தார்.

"பேட கழட்டாத. அர மணி நேரத்துல மழ விட்டுரும் லா. நீதான் மொதல்ல எறங்கணும்."

அவன் குனிந்தே இருந்தான்.

மேலாளர் துண்டை அவன் தோளில் போடப் போனார். தோளில் இடமில்லை.

கழுத்தைச் சுற்றியிருந்த கை இன்னும் விடவில்லை.

அவனும் விடச் சொல்லவில்லை.