இருபதாவது இடம்

பதினேழு பெண்களும் கறுப்பு உடையில் வந்திருந்தார்கள். ஒருத்தி பள்ளத்தின் விளிம்பில் மலர்க்கொத்தை வைத்தாள். கீழே நான்கு ஆட்கள் வேலையில் இருந்தார்கள்.

"யார் செத்துட்டாங்க?" என்று கேட்டபடி ஹார்லன் ப்ரூவிட் உள்ளே வந்தார். அவர் மில்ஹேவன் பல்கலைக்கழகத்தின் தலைவர்.

"குளம்," என்றாள் மலர் வைத்தவள்.

முந்தின நாள் மாலைவரை அந்தப் பள்ளம் பல்கலைக்கழகத்தின் நீச்சல் குளமாக இருந்தது. இப்போது இயந்திரங்கள் அதன் அடித்தரையை உடைத்துக்கொண்டிருந்தன. நீல ஓடுகள் ஒரு மூலையில் குவிந்திருந்தன.

அந்தப் பெண்களின் நீச்சல் அணிக்குக் கோச்சான இங்க்ரிட் சோல்ஹைம் சுவரோரம் நின்றாள். இந்த வேலையில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷம். சுவரில் பதினொரு சாம்பியன் கொடிகள் தொங்கிய இடத்தில் ஆணிகள் மட்டும் இருந்தன.

"இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம், ஹார்லன். போன் வந்ததும் உடைச்சிருக்கலாம்."

"போன் வரணும்னுதான் உடைக்கிறோம், கோச்."

அவர் எதிர்பார்த்தது 'கடலோரப் பதினான்கு' லீக்கின் அழைப்பை. அதில் இப்போது பத்தொன்பது பல்கலைக்கழகங்கள். மில்ஹேவன் அமெரிக்காவின் நட்டநடுவே, கான்சஸ் மாநிலத்தின் சோளக்காட்டுக்குள் இருந்தது. கடலைப் பார்க்க இரண்டு நாள் கார் ஓட்ட வேண்டும். அதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

வெளியே இசைக்குழு தயாராக நின்றது. ரசிகர்கள் மூன்று வாரமாக லீக் தலைவரின் விமானத்தைக் கைபேசியில் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். அது வேறு ஊர்ப் பக்கம் திரும்பினால் இங்கே யாருக்கும் சாப்பாடு இறங்காது. போன செவ்வாய்க்கிழமை அது மில்ஹேவனிலேயே இறங்கியது. அன்று பள்ளிகளுக்குப் பாதி நாள் விடுமுறை.

"நம்ம பழைய லீக்ல எட்டு யுனிவர்சிட்டி இருந்தோம்," என்றார் ஹார்லன். "மத்தவங்க பெரிய லீக்குக்குப் போயிட்டாங்க, இப்ப மூணு. அழைப்பு வரலைன்னா அடுத்த வருஷம் மூணு பேரும் மாத்தி மாத்தி ஆடிக்கணும். அப்புறம் என்னை இந்தப் பதவியில யாரு வச்சிருப்பா?"

"அதுக்கு என் பொண்ணுங்க என்ன தப்பு பண்ணாங்க? பதினொரு தடவை ஜெயிச்சாங்க. உங்க ஃபுட்பால் டீம் போன வருஷம் பன்னிரண்டு ஆட்டத்துல ஒண்ணு ஜெயிச்சுது."

"அதுவும் எதிர் டீமோட பஸ் வழியில நின்னுபோனதால," என்றாள் ஒரு பெண்.

"லீக்குக்குக் காசு குடுக்கற டிவிக்காரங்க யார் ஜெயிச்சாங்கன்னு கேக்க மாட்டாங்க, கோச். ஃபுட்பால் இருக்கான்னுதான் கேப்பாங்க."

"லீக் தலைவர் குளத்தை உடைக்கச் சொல்லலையே."

"பெரிய மனுஷங்க எதையும் நேரா சொல்ல மாட்டாங்க. டார்லா, செவ்வாய்க்கிழமை அவர் வந்தப்ப நீ கூடவே இருந்தேல்ல? சொல்லு இவங்களுக்கு."

விளையாட்டுத் துறையின் இயக்குநர் டார்லா கூன்ட்ஸ் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "ஃபுட்பால் மைதானத்துல பத்து நிமிஷம் நின்னாரு. இங்க முக்கால் மணி நேரம். ஆழம் எவ்வளவுன்னு கேட்டாரு. எத்தனை பேர் உக்காரலாம்னு கேட்டாரு. கடைசியா, 'இந்தக் குளத்தை என்ன பண்ணப் போறீங்க?'ன்னு கேட்டாரு."

"போதுமா?" என்றார் ஹார்லன். "இவ்வளவு இடத்தையும் தண்ணியில போட்டு வச்சிருக்கீங்களேன்னு அர்த்தம். அன்னிக்கு எனக்கு அவமானமாப் போச்சு."

குளம் இருந்த இடத்தில் ஃபுட்பால் வீரர்களுக்கு ஓய்வுக்கூடம் வரப்போகிறது. பதினாறு சாய்வு நாற்காலிகள், முடிவெட்டும் இடம், ஒரு செயற்கை அருவி.

"எங்களை அந்த அருவியில நீந்தச் சொல்லுவீங்களா?" என்றாள் அதே பெண்.

"அது திரையில ஓடுற அருவிம்மா," என்றாள் டார்லா. "நனையாது."

நீச்சல் அணி மே மாதத்தோடு கலைக்கப்படுகிறது என்ற கடிதம் பதினேழு பேருக்கும் வந்திருந்தது. இங்க்ரிடுக்கும் ஒன்று வந்திருந்தது.

ஹார்லனின் கைபேசி அடித்தது. அவர் கையை உயர்த்தினார். கீழே இயந்திரங்கள் நின்றன. எல்லாருக்கும் கேட்கும்படி கைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஹார்லன், ஓட்டெடுப்பு முடிஞ்சுது," என்றார் லீக் தலைவர். "பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. இருபதாவது இடம் மில்ஹேவனுக்கு."

டார்லா சன்னலைத் திறந்து கத்தினாள். இசைக்குழு தொடங்கியது. ஹார்லன் அருகிலிருந்த இங்க்ரிடைக் கட்டிக்கொண்டார். அவள் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள்.

"குளத்தைப் பத்தி நீங்க கேட்டதை நான் மறக்கல, சார். அன்னிக்கே முடிவெடுத்துட்டோம். வேலைகூட ஆரம்பிச்சாச்சு."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம். அந்தக் குளத்தை வச்சுத்தான் எங்க ஆளுங்க எல்லாரும் ஓட்டு போட்டாங்க."

ஹார்லன் கைபேசியை மார்போடு பொத்திக்கொண்டார். "கேட்டீங்களா, கோச்?"

கீழே ஒரு தொழிலாளி கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கைதட்டினார்.

ஹார்லன் மறுபடியும் கைபேசியை உயர்த்தினார். "ஒரே ஒரு விஷயம், சார். எங்க ஃபுட்பால் பசங்க முதல் ஆட்டம் யாரோட ஆடறாங்க? வெளிய ஊரே காத்திருக்கு."

குவியலிலிருந்து ஒரு நீல ஓடு சரிந்து விழுந்தது.

"ஃபுட்பாலா? நாங்க உங்களை நீச்சலுக்கு மட்டும்தானே சேர்த்தோம், ஹார்லன்."