காருக்கு வந்த விக்கல்

பாலுசெட்டி சத்திரம் ரோடு காலியானதும் காருக்கு விக்கல் வந்துவிட்டது. குபுக்கென்று முன்னால் பாய்ந்தது, பொசுக்கென்று பின்வாங்கியது, மறுபடி குபுக். பக்கத்து சீட்டிலிருந்த மெக்கானிக் அப்பாதுரை, மடியிலிருந்த லேப்டாப் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார்.

"மாட்டிக்கிச்சுபா," என்றார், திருடனை அமுக்கிய ஏட்டு மாதிரி. "நீ இங்க பாக்காத. ரோட்டைப் பாத்து ஓட்டு."

ஓட்டியவன் சிட்டிபாபு. சின்ன வயதிலிருந்து தறிக்குழியில் காலை விட்டு மிதித்து மிதித்து, முதுகு போனதுதான் மிச்சம் என்று தறியை விற்றுவிட்டு இந்தப் பழைய காரை வாங்கியிருந்தான். பட்டு எடுக்க வருகிறவர்கள், சாமி கும்பிட வருகிறவர்கள் என்று யாரையாவது ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

ஏறியவர்கள் பாதி வழியில் இறங்கி வாந்தி எடுத்தார்கள். சின்ன காஞ்சிபுரம் பாஷ்யம், மடியில் புளியோதரைத் தூக்கோடு கூரத்துக்குப் போனவர், நெற்றியில் நாமமும் நெஞ்சில் கடலைப்பருப்புமாகத்தான் கோயிலுக்குள் நுழைந்தார். அதன் பிறகு அந்தத் தெருவில் ஒருவரும் சிட்டிபாபுவைக் கூப்பிடவில்லை.

லேப்டாப்பை ஊரே நின்று வேடிக்கை பார்த்த காலம் அது. பெரிய காஞ்சிபுரத்தில் 'கம்ப்யூட்டர் டியூனிங்' என்று போர்டு மாட்டிய ஒரே ஷெட் அப்பாதுரையுடையது. என்ஜினில் ஒயரைச் சொருகி, அந்தந்த வண்டிக்கு வேண்டிய மாதிரி பெட்ரோலையும் நெருப்பையும் பெட்டியிலேயே கூட்டிக் குறைப்பார். எதிர் ஷெட்டில் ஸ்க்ரூடிரைவரை மட்டும் நம்பிப் பிழைக்கும் அந்தோணிக்கு அதைக் கண்டாலே எரியும். பெட்டியில் படம் பார்த்தால் என்ஜின் சரியாகிவிடுமா என்று டீக்கடையில் வைத்துக் கேட்டுவிட்டான்.

அப்பாதுரைக்கு இருந்த ஒரே சொத்து மீசை. வீட்டில் சாம்பாருக்கு நெய் இல்லாவிட்டாலும் மீசைக்கு உண்டு. அதை முறுக்கிக்கொண்டே சொன்னார்:

"வெள்ளிக்கெழமைக்குள்ள இந்த விக்கலை நிறுத்தலன்னா மீசைய எடுத்துடறேன்பா."

பிளேடு தன் செலவு என்றான் அந்தோணி. இருவருக்கும் நடுவே பெஞ்சில் சிட்டிபாபு உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்துவிட்டால் அவன் கால் இரண்டும் சும்மா இருக்காது. மாறி மாறித் தரையை அமுக்கும். பெஞ்சு ஆடி, சுடச்சுட டீ அந்தோணியின் தொடையில் கொட்டியது. அந்தச் சூட்டிலேயே பந்தயம் உறுதியானது.

அப்பாதுரை பிளக்கை மாற்றினார். பெட்ரோல் பம்ப்பை மாற்றினார். பெட்டியைத் திறந்து பெட்ரோலைக் கூட்டினார், குறைத்தார், திரும்பக் கூட்டினார். அவரே ஓட்டிப் பார்த்தால் கார் வெண்ணெயாக வழுக்கியது. சரியாகிவிட்டது என்று சாவியைக் கொடுத்தால், சாயங்காலம் சிட்டிபாபு விக்கலோடு திரும்பி வந்தான்.

தன்னைக் கண்டால் என்ஜினுக்குப் பயம் என்று அப்பாதுரை கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். அதனால்தான் இன்று அவனை ஓட்டச் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் கோடு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, புடவை பார்டரில் கோபுரம் கோபுரமாகப் போட்ட மாதிரி ஓடியது.

சிட்டிபாபு ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான். "அளவு தப்பாம வந்துக்கினு இருக்குதுண்ணா," என்றான், நிஜமாகவே ரசித்து.

அப்பாதுரை முறைத்த முறைப்பில் அவன் ரோட்டுக்குத் திரும்பிக்கொண்டான். கோபுரம் மட்டும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தது. அப்பாதுரை வாய் நீளமே தவிர, சொன்ன சொல் மாறாதவர். நேராக சலூனுக்குப் போனார். வெளியே வந்தபோது டீக்கடைக்காரர் அடையாளம் தெரியாமல், "சாருக்கு எந்த ஊரு?" என்றார். அந்தோணி சிரித்த சிரிப்பில் அவனுக்கே விக்கல் வந்துவிட்டது.

காரை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது என்று முடிவானது. திருப்புட்குழியில் ஒரு புரோக்கர் பார்க்கிறேன் என்றிருந்தான். அவனிடம் என்ஜினைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதற்காக, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு அப்பாதுரை முன்சீட்டில் ஏறினார்.

பின்சீட்டில் சிட்டிபாபுவின் பெண்டாட்டி காந்தா ஏறினாள். தறியை விற்ற கோபத்தில் அந்தக் காரின் கதவைக்கூட அவள் அதுவரை தொட்டதில்லை. புருஷன் போனால் புரோக்கர் கேட்ட விலைக்குத் தலையாட்டிவிட்டு வருவான் என்றுதான் இன்று வந்தாள்.

கடைத்தெருவில் கார் ஒழுங்காகத்தான் போனது. ஊர் தாண்டி ரோடு காலியானது. குபுக். பொசுக். குபுக். அப்பாதுரை துண்டுக்குள்ளிருந்தே அந்தக் காரின் பிறப்பைச் சந்தேகித்து நாலு வார்த்தை சொன்னார்.

காந்தா இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினாள். லேப்டாப்பை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துண்டு நழுவிய அப்பாதுரையின் மொட்டை உதட்டைப் பார்த்தாள். புருஷன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"தறிய வித்தாச்சில்ல, இன்னும் எதுக்குய்யா மிதிச்சிக்கினு கெடக்கிற?"