தொழில் என்று ஒரு கட்டம்

"இந்தத் தடவையும் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தீங்கன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன், மேடம்!"

வரி அலுவலகத்தின் நாலாம் நம்பர் ஜன்னலில் அவன் போட்ட சத்தத்தில், வரிசையில் தூங்கி வழிந்தவர்களெல்லாம் விழித்துக்கொண்டார்கள்.

பின்னே? நாலு நாளாக அலைகிறான். வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. வரிப் பதிவு எண்ணை இன்றைக்குள் காட்டாவிட்டால் கணக்கையே மூடிவிடுவோம் என்று அந்த இணையதளம் கறாராகச் சொல்லிவிட்டது. அலுவலகம் மூட இன்னும் அரை மணிதான் இருக்கிறது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளோ, கட்டுப் போட்ட வலது கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, இடது கையின் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குழந்தைங்க எத்தனை பேர்?"

"கல்யாணமே ஆகலை. அதுக்கும் வரி போடப் போறீங்களா?"

"பிள்ளைங்க இருந்தா வரியில கழிவு உண்டு தம்பி, அதான் கேட்டேன். தொழில்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல வெறுமனே 'எழுத்து'ன்னு போட்டிருக்கீங்க. முந்தாநாளும் இதுக்குத்தான் திருப்பிக் கொடுத்தேன். கதையா, மொழிபெயர்ப்பா, விளம்பரமா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் இருக்கு. அதைப் போடாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது."

"எழுத்துன்னா எழுத்துதான்! ஏய்க்கிறவனெல்லாம் காலாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். நானா தேடி வந்து நேர்மையா வரி கட்டுறேன்னா, நாயா அலைய விடுறீங்க!"

"தம்பி சொல்றது நியாயம்தானே" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் எடுத்துக் கொடுத்தார்.

அவ்வளவுதான், அவனுக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

"கேளுங்க சார்! நேர்மையானவனுக்கு இங்க மரியாதையே இல்ல. கை முடியலைன்னா லீவு போட்டுட்டு வீட்ல இருக்க வேண்டியதுதானே? இவங்க வாங்குற சம்பளமே நம்ம வரிப்பணம்!"

இதுவரை அவன் ஒரு பைசா வரி கட்டியதில்லை என்பது வேறு விஷயம்.

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"லீவெல்லாம் தீர்ந்துபோச்சு தம்பி." அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. "போன மாசம் ஆன்லைன்ல தண்ணி கொதிக்க வைக்கிற கெட்டில் ஒண்ணு வாங்கினேன். கைப்பிடி கழண்டு, கொதிக்கிற தண்ணி அப்படியே கையில கொட்டிடுச்சு."

"பார்த்து வாங்கணும்."

"பார்த்துத்தான் வாங்கினேன். அந்தக் கெட்டில் படத்துக்குக் கீழ, வாங்கினவங்க கருத்துன்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. 'நான் மூணு பிள்ளைங்களுக்குத் தாய். என் கடைக்குட்டியே இதைத் தூக்குவான், அவ்வளவு பத்திரம்'னு. பெத்தவ பொய் சொல்லுவாளான்னு நம்பிட்டேன்."

அவன் ஜன்னலில் கிடந்த படிவத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்தான்.

"நேரமாச்சு, சொல்லுங்க தம்பி. நீங்க என்ன எழுதுவீங்க?"

"சும்மா சொல்லுப்பா, உனக்கென்ன பயம்?" என்றார் பின்னாலிருந்த பெரியவர்.

கல்யாணமே ஆகாத அவன்தான் அந்த மூன்று பிள்ளைகளின் தாய்.