எல்மோவின் கலோரிக் கணக்கு

நூற்று முப்பத்தெட்டு!

டாம் பலகையில் ஒரு காயைத் தள்ளிவிட்டு மணிக்கட்டில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார் எல்மோ. கதிரையில் சாய்ந்து கிடக்கிற மனிதனின் இதயம் இந்த அடி அடித்தால், கர்த்தர் கூப்பிடுகிறார் என்றுதான் அர்த்தம். எதிரே இருந்த றிக்கியிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அவனுடைய காயை வெட்டினார்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கலியாணக் கோட்தான். சுனாமி டச்பார் கடற்கரையில் இருந்த வீட்டை அள்ளிக்கொண்டு போனபோதும் சவுக்கு மரத்தில் மாட்டித் தப்பிய கோட் அது. இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடுவேன் என்று எல்மோ ஊர்ச் சங்கத்தில் எல்லார் முன்னிலையிலும் வாயை விட்டுவிட்டார். போட்டுப் பார்த்தால் பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"எத்தின கலோரி எரிக்கிறீங்களோ, அத்தினைக்குத்தான் சாப்பாடு" என்று சட்டம் போட்டாள் மனைவி ஐறிஸ். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். அவள் சட்டத்துக்கு மேல்முறையீடு கிடையாது.

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு கொழும்பில் கிடைக்கிற சாமானெல்லாம் காத்தான்குடி முனாப்பின் கடைக்கும் வந்துகொண்டிருந்தது. முனாப் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான்.

"இந்தப் பட்டிய நெஞ்சில கட்டுங்க எல்மோ அண்ணன். துடிப்பப் புடிச்சி, வயர் ஒண்டும் இல்லாம, றேடியோ மாதிரி மணிக்கூட்டுக்கு அனுப்பும். கலோரிக் கணக்க மணிக்கூடு பாத்துக்கும்."

பக்கத்து வீட்டு றிக்கியும் அதே மாதிரி ஒன்று வாங்கினான். தச்சுவேலை செய்கிறவன், இருபத்தேழு வயது, உடம்பில் கிள்ளி எடுக்கக்கூடச் சதை இல்லை. "உங்களுக்குத் துணைக்கு நானும் நடக்கிறன் அங்கிள்" என்றான். எப்பேர்ப்பட்ட பிள்ளை என்று எல்மோ மனம் குளிர்ந்துபோனார்.

தினமும் நாலு மணிக்குக் கல்லடிப் பாலம் வரைக்கும் நடை. வந்ததும் ஐறிஸ் எல்மோவின் வியர்வைப் பட்டியைக் கழற்றி வாங்கிக் கழுவிப் போடுவாள். அவர் மேல் கழுவிச் சட்டை மாற்றி வர, றிக்கி வந்த கோலத்திலேயே டாம் பலகையை விரித்து வைத்திருப்பான். கொஞ்ச நேரத்தில் மகள் கிளோடியா தேத்தண்ணி கொண்டுவருவாள்.

அங்கேதான் அதிசயம் நடந்தது. உட்கார்ந்திருக்கும்போதுதான் எல்மோவின் கலோரி மளமளவென்று எரிந்தது!

"இரிந்த இடத்தில இரிந்து நானூறு கலோரி எரிச்சிட்டன் ஐறிஸ். பண்டி இறைச்சி இன்னும் ரெண்டு துண்டு போடு" என்று முதல் வாரம் முழுக்க உரிமையோடு கேட்டுச் சாப்பிட்டார். வார முடிவில் தராசில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முனாப் மறுபேச்சுப் பேசாமல் வேறொன்று மாற்றிக் கொடுத்தான். அதுவும் அப்படியே. மூன்றாவதாக, கடையிலேயே விலை கூடியதை எடுத்து, எல்மோவின் நெஞ்சில் கட்டி, கழுத்தில் விரலை வைத்துச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினான். விரலிலும் எழுபத்திரண்டு, மணிக்கூட்டிலும் எழுபத்திரண்டு.

"மிசின் சரி அண்ணன்" என்றான் முனாப் தாழ்ந்த குரலில். "பிழை உங்கட நெஞ்சிலதான் போல."

அன்றிலிருந்து எல்மோவுக்குத் தூக்கம் இல்லை. கவனித்துப் பார்த்ததில் தேத்தண்ணி வருகிற நேரத்தில்தான் துடிப்பு எகிறியது. தேத்தண்ணியை நிறுத்தினார். கிளோடியா தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீருக்கும் எகிறியது!

இன்றைக்கும் அவள் தட்டோடு வந்து நின்றாள். நூற்று நாற்பத்தைந்து. இனியும் மறைப்பது பாவம் என்று எல்மோ முடிவெடுத்தார்.

"ஐறிஸ், இஞ்ச வா! நான் கனநாள் இரிக்க மாட்டன். போறத்துக்குள்ள கிளோடியாவ ஒருத்தன்ட கையில புடிச்சிக் குடுத்திரணும். மெல்பேர்ன்ல இரிக்கிற கிளென் அவளக் கேட்டு எழுதியிரிக்கான். ஓம் எண்டு நாளைக்கே பதில் போடப்போறன்."

றிக்கியின் கை தட்டி டாம் காய்கள் நிலமெல்லாம் சிதறின. பாவம், என் சாவை நினைத்து எப்படிக் கலங்கிப்போனான் என்று எல்மோ உருகினார். அவனைத் தேற்றக் கையை நீட்டியவர், மணிக்கூட்டைப் பார்த்து அலறினார்.

"நூத்தி எழுவத்தொண்டு! ஐயோ, ஏறுது ஐறிஸ், ஏறுது!"

ஐறிஸ் ஓடிவந்து அவருடைய மறு கையைப் பிடித்தாள். நாடியில் விரலை வைத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள்.

"எழுவத்தி நாலு."

"பொய் சொல்லாத! முனாப் சோதிச்சுத் தந்த மிசின் இது. விரல் பிழைக்கும், மிசின் பிழைக்காது!"

முற்றத்துக் கொடியில் எல்மோவின் நெஞ்சுப்பட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த ஐறிஸ் திரும்பிக் கிளோடியாவின் சிவந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு நிலத்தில் குந்தியிருந்து, காய் பொறுக்குகிற சாக்கில் தலை நிமிராமல் இருந்தவனின் சட்டைக்குள் புடைத்துத் தெரிந்த பட்டியைப் பார்த்தாள்.

"மிசின் சரிதான் எல்மோ, ஆனா அடிக்கிறது றிக்கிட நெஞ்சு."