கீழ்க்கிளை

“அந்த ஆண் மட்டும் ஏன் கீழ்க்கிளையிலயே உக்காந்திருக்கு? பயமா, பாசமா?”

காடு பார்க்க வந்த வெளியூர்க்காரி ஒருத்தி, அண்ணாந்தபடியே சுவாசாராவிடம் ஒருமுறை கேட்டாள்.

மேலே பெண் பாபகோத்து இளந்தளிராகப் பார்த்துப் பார்த்துத் தின்றுகொண்டிருந்தது. அந்தக் காட்டின் லெமூர்களிலேயே அதுதான் பெரியது. மற்ற லெமூர்களுக்கெல்லாம் நீள வால். இதற்கு மட்டும் வால் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கீழே அதன் ஆண், கையருகே தளிர் இருந்தும் தொடாமல் காத்திருந்தது.

“ரெண்டும் இல்லம்மா. அவங்க வீட்டு வழக்கம் அப்படி,” என்றாள் சுவாசாரா. காட்டுக்கு வழிகாட்டுகிறவள்தான். ஆனாலும் அதிகம் பேச வராது.

சாயங்காலம் கணவன் ஸாஃபியிடம் இதைச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சோறு வந்ததும் கரண்டியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டான்.

“மேல்கிளை மகராசி மொதல்ல சாப்பிடட்டும்.”

அவள் மூன்று வாய் சாப்பிட்ட பிறகே அவன் கரண்டியை எடுத்தான்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். விளையாட்டாக ஆரம்பித்தது அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது.

உப்புக் கேட்டு வந்த பக்கத்து வீட்டு மரூவாவி அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏன்டி, நீ கட்டியிருக்கது மனுசனையா, பாபகோத்தையா? வாலக் காணோமே!”

“பாபகோத்துக்கு ஏதுக்கா வாலு?” என்றான் ஸாஃபி.

ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் அவன் தெற்கே, நீலக்கல் தோண்டும் குழிகளுக்குப் போனான்.

அதே நாட்களில்தான் குள்ள லெமூர்கள் வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு மரப்பொந்துகளில் போய்ச் சுருண்டன. மழை திரும்பும்வரை தூக்கம். பசி தெரியாது, நாள் போவது தெரியாது. அந்தப் பொந்துகளைக் கடக்கும்போதெல்லாம் சுவாசாராவுக்குப் பொறாமையாக இருந்தது.

மழை வந்தது. அவை விழித்து இறங்கின. ஸாஃபி வரவில்லை.

இன்னொரு குளிரும் போயிற்று. மறுபடி மழை தொடங்கி, லிச்சிப் பழம் சிவந்த ஒரு மதியத்தில், வாசலில் குரல் கேட்டது.

“ஹோடி!”

வீட்டுக்கு வரும் வேற்றாள் வெளியே நின்று கொடுக்கும் குரல். எட்டிப் பார்த்தாள். ஸாஃபி.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் அதே குறும்பு.

“சொந்த வீட்டு வாசல்ல ஹோடி சொல்ற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன். உள்ள வாய்யா!”

வந்தான். இளைத்திருந்தான். பாய் விரித்து, சோறும் இடித்த மரவள்ளிக் கீரையும் வைத்தாள். தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

இனி இங்கேதானா என்று கேட்க நாக்கு எழவில்லை. கரண்டி சொல்லிவிடும் என்று இருந்தாள்.

அவன் கரண்டியைத் தொடவில்லை.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மறக்கவில்லை. எங்கெங்கோ சுற்றியும் மறக்கவில்லை.

முதல் வாய் சாப்பிட்டாள். இரண்டாவது. மூன்றாவதை, அவனைப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே மெதுவாக மென்றாள்.

அவன் கை எழவில்லை.

நான்காம் வாயும் உள்ளே போயிற்று. அவன் தட்டின் விளிம்பையே பார்த்திருந்தான், இரண்டு கையும் மடியில்.

“சாப்பிடு,” என்றாள்.

சொன்ன பிறகுதான் கரண்டியை எடுத்தான். ‘சாப்பிடுங்க’ என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை விருந்தாளி தட்டைத் தொடமாட்டான்.

மலைப்பக்கம் பெண் பாபகோத்து நீளமாகக் குரலெடுத்தது. ஆணின் குரல் அதோடு வந்து சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் அவனும் வாயைக் குவித்துக் கூடவே பாடுவான். இப்போது தலையைக்கூடத் தூக்கவில்லை.

தட்டை ஒரு பருக்கை விடாமல் காலி செய்தான். எழுந்தான். வாசலில் ஒரு நொடி நின்றான். இறங்கிப் போனான்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

பாதை வளைகிற இடத்தில், துணிமூட்டை மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் லிச்சிக் கொத்து. அவன் வந்ததும் அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவள் காலடியில், ஒரு வேரின் மேல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

அந்தப் பெண் சிரித்தபடி ஒரு பழத்தை உரித்துத் தின்றாள். இன்னொன்று. இன்னுமொன்று.

பிறகுதான் அவன் கை நீண்டது.