விதை போடாத சில்லு

கார்பன் நானோ குழாய் வளர இரும்புத் துகள் வேண்டும். கண்ணுக்கே தெரியாத அந்தத் துகளை எங்கள் ஆய்வகத்தில் விதை என்போம். விதை போட்ட சிலிக்கான் சில்லை உலைக்குள் வைத்து வாயுவைத் திறந்துவிட்டால், கறுப்புப் புல்தரை போல முளைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, விதை போடாத சில்லு ஒன்றையும் பக்கத்தில் வைப்போம். அதில் எதுவும் முளைக்கக் கூடாது.

அன்று முளைத்திருந்தது, கட்டைவிரல் ரேகையாக.

"அக்கா, கையுறை போடாம தொட்டுட்டீங்களா?" என்றாள் கூட வேலை செய்பவள்.

"எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

ரேகையின் குறுக்கே ஒரு தழும்பு ஓடியது. இதே உலையில் வேலை பார்த்த என் கணவருக்கு, கண்ணாடி கிழித்து வந்த தழும்பு. வெறுங்கையால் தொடாதீர்கள் என்று அவரோடு தினமும் மல்லுக்கட்டியிருக்கிறேன். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது.

மறுநாள் புதுச் சில்லை நானே இடுக்கியால் எடுத்து வைத்தேன். உலை ஆறியதும் திறந்தேன். அதே ரேகை. அதை ஒட்டி இன்னொன்று, சின்னது.

வீட்டுக்கு ஓடினேன். மகள் வாஷ்பேசின் முன் நின்று கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ சோப்பு போட்டாலும் இந்தக் கறுப்பு போகலம்மா."