அக்காவின் டெக்

பல் துலக்கினான். பால் காய்ச்சினான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். மனைவி இறந்த பிறகு காலைகள் இப்படித்தான் நகர்ந்தன.

அவள் தம்பி வந்தான். அவரவரே கார்டுகளைப் பொறுக்கிக் கட்டு சேர்த்து ஆடும் போட்டி இன்று; அதற்கு அக்கா கடைசியாகச் சேர்த்த கட்டு, அந்த டெக், வேண்டுமாம்.

"எடுத்துக்கோடா. ஆனா அதை வச்சு அவ ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. அடிக்கிற கார்டே கைக்கு வராது. அப்படி ஒரு ராசி!"

"அக்கா சாம்பியனாச்சே, அவளுக்கா?"

"ஆஸ்பத்திரியில அவளுக்குக் கண்ணு சொருகும், ஆனாலும் ஆடணும்னு சொல்வா. அவ தூங்கட்டும்னு நான்தான் மடமடன்னு ஜெயிச்சு முடிச்சிடுவேன்."

அந்த ஒன்றுதான் அவனுக்கு ஆறுதல்.

மைத்துனன் கார்டுகளைப் புரட்டினான். முகம் மாறியது.

"மாமா, இதுல அடிக்கிற கார்டு ஒண்ணுகூட இல்ல. எல்லாமே தடுக்கிற கார்டு."

"தப்பா கட்டிட்டாளா?"

"அக்காவா? இது ஜெயிக்கக் கட்டினதே இல்ல மாமா. ஆட்டம் சீக்கிரம் முடியக் கூடாதுன்னு கட்டினது."

கணவன் கட்டிலில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் ஆடிய கடைசி ஆட்டத்தையும் அவன் விறுவிறுவென்று முடித்திருந்தான். கையிலிருந்த கார்டுகளைப் போர்வைமேல் வைத்துவிட்டு அவள் கேட்டாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?"